கம்பெனி, கார்ப்பரேட், கும்பினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுவது என் வேலை. கம்பெனிப் பதிவு, ஆண்டறிக்கை, வரித் தாக்கல் என்று நாள் ஓடும். அதனாலேயோ என்னவோ, கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் "இந்தக் கார்ப்பரேட்காரங்க இருக்காங்களே..." என்று ஆரம்பித்துவிடுவார். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப் போகச் சிக்கலானவை.

கார்ப்பரேஷன்னா மாநகராட்சிதானே? கம்பெனியை ஏன் அப்படிச் சொல்றாங்க?

இரண்டும் ஒரே சொல்தான். உடல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பல பேர் சேர்ந்து, சட்டத்தின் கண்ணுக்கு ஒரே உடலாக நின்றால் அது கார்ப்பரேஷன். ஊர்க்காரர்கள் அப்படி நின்றால் மாநகராட்சி, முதல் போட்டவர்கள் நின்றால் கம்பெனி.

சென்னையில் இந்த இரண்டுக்கும் ரத்த சம்பந்தமே உண்டு. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு, இங்கிலாந்து மன்னரின் அனுமதியோடு சாசனம் கொடுத்ததே கிழக்கிந்தியக் கம்பெனிதான். குப்பை வண்டி வரவில்லை என்று இன்றைக்கு நாம் திட்டுகிற கார்ப்பரேஷன், இன்னொரு கார்ப்பரேஷன் பெற்ற பிள்ளை.

கம்பெனி ஒரு 'நபர்'னு சட்டம் சொல்லுதாமே. உயிரில்லாதது எப்படி நபர் ஆகும்?

இதை நமக்கு விளக்குவது சுலபம். ஊரில் கோயில் நிலம் யார் பேரில் இருக்கிறது? சாமி பேரில். பட்டா சாமிக்கு, குத்தகைப் பாக்கி சாமிக்கு, வழக்குப் போடுவதும் சாமி. அறங்காவலர் மாறிக்கொண்டே இருப்பார், நிலம் மாறாது. கம்பெனியும் அப்படித்தான். இயக்குநர் மாறலாம், பங்குதாரர் செத்துப் போகலாம், கம்பெனி பேரில் உள்ள கட்டடம் கம்பெனியுடையதாகவே இருக்கும். ஒரு வித்தியாசம், சட்டப்படி சாமி என்றைக்கும் மைனர். கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லை.

பத்தூர் நடராசர் வழக்கு நினைவிருக்கிறதா? கடத்தப்பட்ட சிலை லண்டனில் பிடிபட்டது. அதை விலைக்கு வாங்கி வைத்திருந்தது கனடாவைச் சேர்ந்த ஒரு கார்ப்பரேஷன். எதிரே நின்ற வழக்காடிகளில் ஒன்று, இடிந்து கிடந்த நம் கோயில். ஆங்கிலேய நீதிமன்றம் கோயிலையும் ஒரு சட்ட நபராக ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் ஊர் திரும்பினார். கம்பெனிக்கும் கோயிலுக்கும் வழக்கு, இரண்டும் மனிதர் இல்லை!

போர்டுல 'லிமிடெட்'னு போடறாங்களே, எதுக்கு லிமிட்?

முதல் போட்டவரின் கடன் பொறுப்புக்கு. நீங்கள் 1,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தால், கம்பெனி நூறு கோடி கடனில் மூழ்கினாலும் உங்கள் நஷ்டம் அந்த 1,000தான். கடன்காரர் உங்கள் வீட்டு வாசலுக்கு வர முடியாது. பிரிட்டனில் இதற்கான சட்டம் 1855இல் வந்தது, இந்தியாவுக்கு 1857இல். பல தலைமுறை வழக்கமான பங்குக் கூட்டு வியாபாரத்தில் இது கிடையாது. அதில் பங்காளி ஒருவர் வாங்கிய கடனுக்கு இன்னொருவரின் தோட்டமும் நகையும் போகும்.

பழைய முறை எப்படி வலிக்கும் என்பதைச் சென்னை 1906இல் பார்த்தது. கடற்கரைப் பக்கம் கொடிகட்டிப் பறந்த ஆர்பத்நாட் என்ற வணிக நிறுவனம் அக்டோபரில் திவாலானது. அது கூட்டு வியாபாரம். சேமிப்பைப் போட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள், நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி என்று கிளம்பினார்கள். 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி கதவு திறந்தது, லிமிடெட் கம்பெனியாக.

சட்டம் அப்படி. சின்ன ஊர் நடைமுறை வேறு. என் மைத்துனர் எண்ணெய் மில்லைப் 'பிரைவேட் லிமிடெட்' ஆக்கி, பளபளவென்று போர்டு மாட்டினார். மறு மாதம் வங்கியில் கடன் கேட்டபோது மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார்: இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம். மைத்துனர் கையெழுத்து, அக்கா கையெழுத்து, வீட்டுப் பத்திரம். லிமிட் அந்த மேசையிலேயே போய்விட்டது. பெரிய கம்பெனியின் சாதாரணப் பங்குதாரரிடம் இப்படி யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததா? நம்ம வணிகக் குழுக்கள் கம்பெனி இல்லையா?

திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்று கடல் கடந்து வியாபாரம் செய்த குழுக்கள் நமக்கு உண்டு. சுமத்ராவின் பாரூஸ் பக்கம் ஐந்நூற்றுவரின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் அவை சங்கம் மாதிரி. விதிமுறை, காவல், வரி, கொடை எல்லாம் பொது, அவரவர் சரக்கும் லாபமும் பெரும்பாலும் அவரவருடையது.

கம்பெனி என்பது வேறு சரக்கு. முதலை ஒரே பெட்டியில் போட்டு, அதைச் சிறு பங்குகளாக வெட்டி, யாரும் யாருக்கும் விற்கலாம் என்பதுதான் அதன் உயிர். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. பங்கை விற்றுவிட்டுப் போகலாம், ஆனால் பெட்டியில் போட்ட பணம் கம்பெனியை விட்டு வெளியே வராது. அந்தப் பணத்தில் பழவேற்காட்டில் கோட்டை எழுந்தது. ஆங்கிலேயக் கம்பெனி 1600 டிசம்பர் 31இல் சாசனம் பெற்றாலும், ஆரம்பத்தில் ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தனித்தனியாக முதல் திரட்டிக் கணக்கு முடித்தது. நிரந்தர முதலுக்கு அது வந்து சேர்ந்தது 1657இல்.

சரி, வியாபாரம் பண்ண வந்தவன் எப்படி நாட்டையே ஆண்டான்?

பள்ளிக்கூடத்தில் 'பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள்' என்று படித்ததால் வரும் கேள்வி. நம் பாட்டிமார் சரியாகச் சொன்னார்கள்: கும்பினி, அதாவது கம்பெனி. 1639இல் நாயக்கரிடம் அனுமதி வாங்கி மதராசில் கோட்டை கட்டியதும், 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டதும் ஒரு லிஸ்டட் கம்பெனி என்று இன்றைய பாஷையில் சொல்லலாம். லண்டனில் அதன் பங்கு கைமாறிக்கொண்டிருந்தது, பங்குதாரருக்கு ஆண்டுதோறும் டிவிடெண்டு போய்க்கொண்டிருந்தது. 1800 வாக்கில் அதன் சொந்தப் படையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் நம் ஊர்ச் சிப்பாய்கள்.

1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கைக்கு வந்ததுதான் திருப்பம். அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து வெள்ளி கொண்டு வந்து நம் துணியை வாங்கினார்கள். அதன் பிறகு நம்மிடம் வசூலித்த வரியிலேயே நம் சரக்கை வாங்கினார்கள். வியாபாரி இதைவிட வேறென்ன கேட்பான்? 1770 பஞ்சத்தில் வங்காளம் லட்சக்கணக்கில் செத்தபோதும் வசூல் நிற்கவில்லை.

அப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. இவ்வளவு சம்பாதித்த கம்பெனி 1772இல் கையில் காசில்லாமல் லண்டன் அரசிடம் போய் நின்றது. 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்த நாடாளுமன்றம், கூடவே கட்டுப்பாடும் போட்டது. மிச்சம் இருந்ததை ஒவ்வொரு சாசனப் புதுப்பிப்பிலும் கழற்றினார்கள். 1813இல் இந்திய வணிக ஏகபோகம் போனது, 1833இல் வியாபாரமே போனது, 1858இல் ஆட்சி போனது, 1874இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. சாசனம் கொடுத்த கைதான் அதைத் திரும்ப வாங்கியது. என்ன, அதற்கு 274 வருஷம் ஆனது.

அப்போ கம்பெனின்னாலே அடிமைப்படுத்துற சூழ்ச்சிதானா?

வ.உ.சி. அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் ஆதிக்கத்தை உடைக்க அவர் கையிலெடுத்த ஆயுதம் இன்னொரு கம்பெனி. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், ஆக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

போட்டி எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் இன்றைய செல்போன் கம்பெனி, டாக்சி செயலி எல்லாம் நினைவுக்கு வரும். ஆங்கிலேயக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி எட்டணா என்றது. ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் இலவசம் என்றார்கள், கூடவே குடையும் தருகிறோம் என்றார்கள் என்று சொல்வார்கள். பெரிய பை வைத்திருப்பவன் நஷ்டத்தைத் தாங்குவான், சின்னவன் மூச்சுவிட முடியாது. 1908இல் அரசு வ.உ.சி.யைச் சிறையில் தள்ளியது, 1911இல் கம்பெனி கலைந்தது. கப்பல் போட்டிக்காரனிடமே போய்ச் சேர்ந்தது. கம்பெனி என்ற வடிவம் இரண்டு பேரிடமும் இருந்தது. அரசு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் ஜெயித்தவனைத் தீர்மானித்தது.

அரசாங்க வேலையை எல்லாம் இப்பத்தானே தனியாருக்குத் தூக்கிக் குடுக்கறாங்க?

'இப்ப' என்பதுதான் தப்பு. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயிலை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, லண்டன் பங்குதாரர்களின் கம்பெனி. போட்ட முதலுக்கு 5 சதவீதம் வருமானம் உறுதி, குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து கொடுப்போம் என்று ஒப்பந்தம். எவ்வளவு செலவு செய்தாலும் 5 சதவீதம் வரும் என்றால் யார் சிக்கனமாகக் கட்டுவார்கள்? லாபம் தனியாருக்கு, ஆபத்து ஊருக்கு என்ற ஏற்பாட்டுக்கு இவ்வளவு வயசு.

பிறகு ஊஞ்சல் எதிர்ப்பக்கம் போனது. 1956இல் 245 காப்பீட்டு நிறுவனங்களை இணைத்து எல்ஐசி வந்தது. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின, மேலே சொன்ன இந்தியன் வங்கியும் அவற்றில் ஒன்று. 1991க்குப் பிறகு ஊஞ்சல் மறுபடி இந்தப் பக்கம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டால், ஒப்பந்தத்தில் அந்த 5 சதவீதம் எழுதியிருக்கும் இடத்தை முதலில் காட்டுங்கள் என்பேன்.

ஒரு கம்பெனி மூடிட்டுப் போயிட்டா ஊரை யார் பார்ப்பாங்க?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொடங்கியபோது பிளஸ் டூ முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். சுற்றுக் கிராமங்களில் வாடகைக்கு அறை, மெஸ், வேன் என்று ஒரு பொருளாதாரமே முளைத்தது. கைப்பேசிச் சந்தை மாறியது, வரி வழக்கு வந்தது. தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1இல் ஆலை நின்றது. கம்பெனி வேறு நாட்டில் வேறு தொழிலோடு நன்றாகவே இருக்கிறது. கடன் வாங்கி மாடி கட்டி வாடகைக்கு விட்டவருக்கு லிமிடெட் பொறுப்பு கிடையாது.

ஆப்பிள் கம்பெனி இந்தியாவையே விலைக்கு வாங்கிடுமாமே?

இது வாட்ஸப்பில் வரும் கணக்கு. ஆப்பிள் பங்குகளின் மொத்தச் சந்தை விலை மூன்று லட்சம் கோடி டாலரைத் தாண்டியது உண்மை. அதை இந்தியாவின் ஒரு வருட உற்பத்தியோடு ஒப்பிடுவது, உங்கள் வீட்டின் விலையையும் என் வருடச் சம்பளத்தையும் ஒப்பிடுவது மாதிரி. ஆப்பிளின் ஒரு வருட விற்பனை 2024இல் சுமார் 39,000 கோடி டாலர். அது இந்திய உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் வரும். அந்த விற்பனையிலும் மற்றவர்களிடம் வாங்கிய பாகங்களின் விலை அடங்கியிருக்கிறது.

அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அளவைவிட, எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். கோயம்புத்தூரில் நாலு பேர் சேர்ந்து ஒரு செயலி எழுதினால், அது ஜனங்களின் போனுக்குப் போகப் பெரும்பாலும் இரண்டே கடைகள்: கூகுளுடையது, ஆப்பிளுடையது. ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வாசல்காவலைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2022இல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

கம்பெனி தப்புப் பண்ணினா யாரை ஜெயில்ல போடுவாங்க?

சாமி உதாரணத்துக்குத் திரும்புங்கள். சட்ட நபருக்கு உடம்பு கிடையாது, அதனால் சிறையும் கிடையாது. கட்டாயச் சிறைத் தண்டனை உள்ள குற்றத்திலும் கம்பெனி மீது வழக்கு நடத்தி அபராதமாவது போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னது. அதிகாரிகள் மீது தனியாக வழக்கு வரலாம். ஆனால் ஆர்பத்நாட்டை உள்ளே தள்ளியது போல அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

போபால் இதற்குக் கசப்பான பாடம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டி விஷவாயு கசிந்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆலை இந்தியக் கம்பெனியுடையது, அதன் 50.9 சதவீதப் பங்கு யூனியன் கார்பைடு என்ற அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம். தாய் வேறு நபர், பிள்ளை வேறு நபர் என்பதுதான் வழக்கு நெடுக அவர்கள் பேசிய பேச்சு. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம். 2010இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுத் தண்டனை. அமெரிக்கத் தலைவர் ஆண்டர்சன் விசாரணைக்கு வராமலேயே 2014இல் காலமானார்.

ஒரே ஒரு நல்லது நடந்தது. 1985இல் டெல்லியில் ஒரு வாயுக் கசிவு. அந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சாக்குச் சொல்ல முடியாது, கம்பெனி எவ்வளவு பெரியதோ நஷ்டஈடும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் புது விதி வகுத்தது.

கட்சிகளுக்குக் கம்பெனி பணம் குடுக்கறது சட்டப்படி சரியா?

சரிதான், நிபந்தனைகளோடு. தொடங்கி மூன்று வருடம் ஆகாத கம்பெனியும் அரசு கம்பெனியும் கொடுக்கக் கூடாது. 2017 வரை முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சவரம்பு, எந்தக் கட்சிக்கு என்றும் கணக்கில் காட்ட வேண்டும். அந்த ஆண்டு இரண்டையும் எடுத்துவிட்டு, தேர்தல் பத்திரம் கொண்டு வந்தார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட யாருக்கும் தெரியாமல் கொடுக்கலாம் என்றானது. எனக்கு இதில் புரியாத இடம் அதுதான்: நஷ்டக் கம்பெனிக்கு நன்கொடை கொடுக்க எங்கிருந்து மனசு வரும்?

2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அனைத்தையும் ரத்து செய்தது. வெளியான பட்டியலில் அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோவையை முகவரியாகக் கொண்ட ஒரு லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி ரூபாய்க்கு.

சிஎஸ்ஆர்னு ஸ்கூலுக்குக் கழிப்பறை கட்டித் தராங்களே, அது தர்மம்தானே?

சிஎஸ்ஆர் என்றால் கம்பெனியின் சமூகப் பொறுப்பு. தர்மம் இல்லை, சட்டம். நிகர மதிப்பு 500 கோடி, விற்பனை 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. கட்சி நன்கொடை இதில் சேராது. ஆகவே கழிப்பறைத் திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்துங்கள், தப்பில்லை, காலில் விழ வேண்டாம்.

வெளிநாட்டுக் கோலாவை விட்டுட்டு நம்ம கம்பெனிப் பொருளை வாங்கினா கார்ப்பரேட்டை ஒழிச்சிடலாமா?

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் கோலாவை விற்க மாட்டோம் என்றபோது நானும் பொவண்டோதான் குடித்தேன், இன்றும் குடிக்கிறேன். ருசிக்காக. பொவண்டோவைத் தயாரிக்கும், 1916இலிருந்து இருக்கும் காளிமார்க்கும் லாபத்துக்கு நடக்கும் நிறுவனம்தான். உள்ளூர் முதலாளியிடம் நேரில் போய்ச் சண்டை போடலாம், அது ஒரு வசதி. ஒழிப்பு என்ற பேச்சுக்கு அது உதவாது.

என் பி.எஃப். பணம் ஷேர் மார்க்கெட்ல இருக்காமே. நானும் கார்ப்பரேட்டா?

கொஞ்சம் ஆமாம். 2015 ஆகஸ்டிலிருந்து வருங்கால வைப்பு நிதி புதிதாக வரும் பணத்தின் ஒரு பகுதியைச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் போடுகிறது. நீங்கள் திட்டும் பெரிய கம்பெனிகள் பலவற்றில் உங்கள் பேர் இல்லாத ஒரு துளிப் பங்கு உங்களுக்கு இருக்கிறது. வாக்கு மட்டும் உங்கள் கையில் இல்லை, நிதியை நிர்வகிப்பவர் கையில். முதலாளியும் நீங்கள், பொதுக்குழுவுக்கு அழைப்பில்லாதவரும் நீங்கள்.

ஒரு கம்பெனி யாருடையதுன்னு நாமே எப்படிப் பார்க்கறது?

பில்லையோ லெட்டர்பேடையோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 21 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், கம்பெனி அடையாள எண். லெட்டர்பேடில் அதை அச்சடிக்க வேண்டியது சட்டப்படி கட்டாயம். முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, யூ என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில். பிறகு மாநிலம், தமிழ்நாடு என்றால் டிஎன். அடுத்த நான்கு, பதிவான ஆண்டு. பிறகு பிடிசி என்றால் பிரைவேட், பிஎல்சி என்றால் பப்ளிக். கடைசி ஆறு பதிவு எண்.

அந்த எண்ணைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டால் இயக்குநர்கள் பேர் வரும். சிறு கட்டணம் கட்டினால் ஆண்டறிக்கை, பங்குதாரர் பட்டியல், சொத்தின் மேல் உள்ள கடன் எல்லாம் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. போன மாதம் ஒருவர் தன் மகளுக்கு வேலை தருவதாகச் சொன்ன 'பன்னாட்டு நிறுவன'த்தின் எண்ணைக் கொண்டு வந்தார். பார்த்தோம். பதிவாகி நாலு மாதம், மூலதனம் ஒரு லட்சம், பதிவு அலுவலகம் ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடி. முன்பணம் கட்டாமல் தப்பித்தார்.